கணவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார், வக்கீல் வைக்கப் பணமில்லை. அரசு சட்ட உதவி கிடைக்குமா?

வானம்பாடி:
வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன். நேற்று கோர்ட்டிலிருந்து கவர் வந்தது, மகளைத் தன்னிடம் விடச் சொல்லிக் கணவர் மனுப் போட்டிருக்கிறார். நான் அவர் விசாவில் வந்தவள், வேலை இல்லை, பேங்க் கார்டும் அவரிடம்தான். நானும் மகளும் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறோம். "என் சம்பளத்தைப் பார்த்தால் உனக்கு அரசு வக்கீல் தரமாட்டார்கள், விசாவையும் ரத்து செய்யவைப்பேன்" என்கிறார். உண்மையா?

மூத்தவர்:
கோர்ட்டு என்று ஏறிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி போய்விடும் அம்மா. முதலில் பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள். நாங்கள் வந்த புதிதில் ஒரே அறையில் மூன்று குடும்பம் இருந்தோம், குளிருக்கு ஹீட்டர் போடவும் யோசிப்போம், எவ்வளவு சண்டை! எல்லாம் பேசித்தான் தீர்ந்தது.

கிரொய்டன்காரி:
அவர் ஏற்கெனவே மனுப் போட்டுவிட்டார் ஐயா, இப்போது போய்ப் பேசு என்றால் எப்படி? ஆனால் சகோதரி, சட்ட உதவியை நம்பி இருக்காதீர்கள். இங்கே இங்கிலாந்தில் 2013 ஏப்ரலிலேயே பிள்ளை, விவாகரத்து வழக்குகளுக்குப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். நான் வக்கீல் இல்லாமல் தனியாகத்தான் நின்றேன்.

ஸ்கார்பரோ அண்ணா:
ஏன் பிள்ளையைப் பயப்படுத்துறீங்கள்? கிடைக்கும். இங்கே கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், லீகல் எய்ட் ஒன்டாரியோ என்ற சட்ட உதவி அமைப்புக்குப் போன் எடுத்தால் போதும், வீட்டில் அடி உதை என்றால் வருமானம் பார்க்காமலே இரண்டு மணி நேரம் இலவசமாக வக்கீலோடு கதைக்கலாம். கோர்ட்டிலேயே டியூட்டி கவுன்சல் என்று அன்றைக்கு உதவுகிற வக்கீல்கள் இருப்பினம்.

கிரொய்டன்காரி:
அது உங்கள் ஊரில் அண்ணா. இங்கே ஒவ்வொரு அலுவலகமாகப் போன் போட்டால் "இப்போது புதுக் கேஸ் எடுப்பதில்லை" என்ற ஒரே பதில்தான்.

மூத்தவர்:
கோர்ட்டில் வைக்கிற மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான். எங்கள் சொந்தக்காரப் பெண் பத்து வாக்கியம் சொன்னாள், அவர் இரண்டு சொன்னார். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கீதா சிட்னி:
கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே யாரும் கேட்கவில்லை. வானம்பாடி, எந்த நாடு, கோர்ட் தேதி என்ன, அவர் உங்களை அடித்தாரா மிரட்டினாரா, இந்த மூன்றையும் சொல்லுங்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி லீகல் எய்ட், விதியும் மாறும்.

வானம்பாடி:
மன்னிக்கவும். இங்கிலாந்து. தேதி அடுத்த மாதம். அடித்திருக்கிறார். போன வருடம் கையில் வீக்கத்தோடு டாக்டரிடம் போனேன், அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். போலீசுக்குப் போகவில்லை.

கிரொய்டன்காரி:
ஐயோ, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தங்கச்சி! அப்படியானால் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. குடும்ப வன்முறைக்கு ஆதாரம் இருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

இன்றைக்கே உங்கள் ஜிபிக்கு, அதாவது குடும்ப டாக்டருக்கு, போன் போட்டு, லீகல் எய்டுக்காகக் குடும்ப வன்முறைக் கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கான மாதிரிக் கடிதம் அரசு இணையதளத்தில் இருக்கிறது, அதையே நீட்டுங்கள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள், 2021 சட்டப்படி இந்தக் கடிதத்துக்கு ஜிபி கட்டணம் வாங்கக் கூடாது. சம்பவம் பழையது என்றும் தட்டிக்கழிக்க முடியாது, ஐந்து வருடக் கெடுவை 2018இலேயே எடுத்துவிட்டார்கள்.

கணவரின் சம்பளத்தை உங்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், வழக்கில் எதிர்த்தரப்பே அவர்தானே. உங்கள் கையில் வருவதைத்தான் பார்ப்பார்கள். மாத வருமானம் 2,657 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, சேமிப்புக்கும் வரம்பு உண்டு. கூட்டுக் கணக்கைப் பற்றி மறைக்காமல் சொல்லி, கார்டு உங்களிடம் இல்லை என்பதையும் எழுதுங்கள். அவர் கிட்டே வராமலிருக்கத் தடை உத்தரவு கேட்பதானால் அந்த வரம்புகளையே தளர்த்தலாம்.

விசாவில் "பப்ளிக் ஃபண்ட்ஸ் கூடாது", அதாவது அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது, என்று இருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். லீகல் எய்ட் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே வசித்தவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு கொண்டுவரப் பார்த்த விதியையும் 2016இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

கீதா சிட்னி:
விசாவை ரத்து செய்யும் அதிகாரம் கணவருக்கு இல்லை, அரசுக்குத்தான். ஆனால் பிரிந்ததை அவர் தெரிவித்தால் விசா பாதிக்கலாம், அதனால் குடியேற்ற வக்கீலையும் சீக்கிரம் பாருங்கள்.

கிரொய்டன்காரி:
ஆமாம், இது முக்கியம். பார்ட்னர் விசா என்றால் வன்முறையால் பிரிந்தவர்களுக்கு மூன்று மாதச் சலுகை அனுமதி உண்டு, அதை வக்கீலிடம் பேசாமல் நீங்களாக விண்ணப்பிக்க வேண்டாம், இருக்கும் விசாவே மாறிவிடும். கவருக்குள் மனுவுக்குப் பதில் சொல்ல சி7 என்று ஒரு படிவம் இருக்கும், அதை அதில் போட்ட தேதிக்குள் அனுப்ப வேண்டும், வன்முறையைச் சொல்ல சி1ஏ படிவம். வக்கீல் கிடைக்காவிட்டாலும் இந்த இரண்டும் போயாக வேண்டும், கோர்ட்டுக்கும் நேரில் போயாக வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். அவருக்குப் பாஸ்வேர்டு தெரியாத புது ஈமெயில் ஒன்று திறந்துகொண்டு அதிலிருந்தே எல்லாம் அனுப்புங்கள்.

வானம்பாடி:
சி7 இருக்கிறது, பத்து நாள்தான் பாக்கி. ஜிபிக்கு இப்போதே போன் போடுகிறேன் அக்கா.