ஆலை மூடினால் மொத்தக் காசா, மாதக் காசா?

வாவிக்கரையான்:
1951இல் ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பமிட்டு உருவாக்கிய ஐரோப்பிய நிலக்கரி உருக்குச் சமூகம் பற்றி வாசித்தேன். சுரங்கமோ உருக்காலையோ மூடப்பட்டு வேலை போனால், அடுத்த வேலை கிடைக்கும்வரை கொடுப்பனவு, வேறு ஊருக்குக் குடிபோகச் செலவு, புதுத் தொழில் பழகப் பணம். இதெல்லாம் 2002இல் காலாவதியான அந்த ஒப்பந்தத்தின் 56ஆம் உறுப்புரையிலேயே இருந்தது. என் அப்பா 22 வருடம் உழைத்த ஆலையை (பெயர் வேண்டாம்) மூடினபோது ஒரு காசோலை வந்தது, அவ்வளவுதான். அதில் ஓட்டோ வாங்கினார். அப்பாவுக்குக் கொதிகலன் தெரியும், ஓட்டோ தெரியாது. மட்டக்களப்புச் செங்கலடிச் சந்தியில் அதே ஆலைக்காரர் ஏழு பேர் ஓட்டோவோடு நின்றார்கள், ஏறத்தான் ஆளில்லை. மொத்தமாகக் காசைக் கையில் திணித்து அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

கல்லடி ஓடாவி:
தம்பி, கோவிக்காதீங்க. உங்கள் அப்பாவுக்குக் காசோலையாவது வந்தது. நான் மரத்தோணி கட்டின ஓடாவி. 2004 சுனாமிக்குப் பிறகு உதவி என்று ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்து கரையில் குவித்தார்கள். என்னிடம் தோணி கேட்டு ஒருவரும் வரவில்லை. உளி துருப்பிடித்தது. என்னை வேலையை விட்டு நிறுத்தியது யார், கடலா? சேமலாப நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. ஆலைக்காரருக்கு மாதாமாதம் கொடுப்பது நான் சீனிக்கும் மாவுக்கும் கட்டுகிற வரியில்தானே?

வாவிக்கரையான்:
வரிப்பணம் இல்லை அண்ணன். அங்கே நிலக்கரியும் உருக்கும் உற்பத்தி செய்த கம்பனிகளிடமே அறவிட்டார்கள், பெறுமதியில் 1 வீதத்துக்கு மேல் போகாமல். தொழில் ஓடுகிற காலத்திலேயே சேர்த்த காசு.

ஓட்டமாவடிக் காக்கா:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். சமூகம் கொடுக்கிற அளவுக்காவது அந்த நாட்டு அரசும் போட வேண்டும் என்று அதே உறுப்புரையில் இருந்தது. அரசு போடுவது யாருடைய காசு? ஓடாவி கேட்டது சரி. அப்புறம் இன்னொன்று. ஜெர்மனியில் கருநிலக்கரிச் சுரங்கங்கள் 1950களின் கடைசியிலிருந்தே மூடத் தொடங்கின, கடைசிச் சுரங்கம் மூடியது 2018 டிசம்பரில். அறுபது வருடம் இழுத்து இழுத்து மூடினார்கள். இங்கே காலையில் வேலைக்குப் போனால் கேற்றில் பூட்டுத் தொங்கும். காசைவிட அந்த அவகாசம்தான் பெரிய உதவி என்பது என் எண்ணம்.

களுவாஞ்சி அக்கா:
தொழிலாளருக்கு முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறவள் நான், அதனால் குறுக்கே வருகிறேன். பூட்டுப் போட முடியாதபடி சட்டம் இருக்கிறது: இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. நட்டஈட்டுக் கணக்கு 2005இல் வர்த்தமானியில் வந்தது: முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், போகப் போகக் குறைந்து, 34 வருடம் உழைத்தாலும் 48 மாதத்தோடு நின்றுவிடும். வேலை இழந்தவர்களுக்கு மாதக் காசு தரும் காப்புறுதி நம்மிடம் இல்லை. ஆனாலும் தம்பி, நான் மொத்தக் காசுப் பக்கம்தான். 2022 செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதமளவில் நின்றது மறந்துபோச்சா? அந்த நேரம் மாதம் இவ்வளவு என்று எழுதி வைத்த காசு பால்மாவுக்கே காணாது. மொத்தக் காசில் இரண்டு பவுன் வாங்கி வைத்த பெண்கள் தப்பினார்கள்.

வாவிக்கரையான்:
அக்கா சொன்னதை ஏற்கிறேன், விலையோடு சேர்ந்து கூடாத மாதக் காசு வீண்தான். ஆனால் பவுன் தீர்ந்த பிறகு? தொழில் பழகாவிட்டால் திரும்பவும் அதே சந்தி, அதே ஓட்டோ.

கல்லடி ஓடாவி:
பழகச் சொல்வது லேசு. எனக்கு 51 வயது. ஃபைபர் பூசுகிற வேலையைக் காட்டித் தந்தால் மூன்று மாதத்தில் பிடித்துவிடுவேன், கை தெரிந்த கைதான். ஆனால் அந்த மூன்று மாதமும் வீட்டில் அடுப்பு எரிய வேணுமே.

வாவிக்கரையான்:
அண்ணன், 56ஆம் உறுப்புரை சொன்னது இதைத்தான்!

கல்லடி ஓடாவி:
அப்ப அதில் ஓடாவி என்றும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு வாங்க. மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.