கைகாட்டி மரத்துக்கு வேர்

அன்புள்ள ஐயா,

மாதிரி ரயில் செய்யும் நமக்காக, சிக்னல் கம்பத்துக்கு நீங்கள் முன்வைத்த 'சைகைக் கம்பம்', அதற்குள் மறைந்து ஓடும் விளக்குக் கம்பிக்கு முன்வைத்த 'மறைகம்பி' இரண்டையும் ஒரு மாதமாக இங்கே தர்மபுரியில் வேலைக்கு நடுவே புழங்கிப் பார்த்தேன். முதலாவது தேவைப்படவில்லை. இரண்டாவது ஆகாது.

தடத்தோரச் சிக்னலுக்கு நம்மிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது. மொரப்பூரில் என் பாட்டி, "கைகாட்டி எறங்கிடுச்சி, வண்டி வருது" என்பார். கை படுக்கையாக நின்றால் வண்டி நிற்கும், சாய்ந்தால் வரும். அந்தக் கையைத் தாங்கி நின்றது கைகாட்டி மரம். இரும்பை மரம் என்பதா என்று கேட்டிருந்தீர்கள். அலுமினியத்தில் செய்தாலும் பாய்மரம் பாய்மரம்தானே? கை போய் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள் வந்த பிறகும் 'விளக்குக் கைகாட்டி' என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே விளங்குகிறது.

'மறைகம்பி' மாட்டிக்கொண்டது லேத் பட்டறையில். பித்தளைக் குழாய் அறுக்கப் போன இடத்தில், "இதுக்குள்ள மறைகம்பி போகணும்" என்றேன். பட்டறைக்காரர் மரை, அதாவது திருகுப் புரி, போட்ட கம்பியை எடுத்துக் காட்டி, "எத்தினி நூல்ல வேணும்?" என்றார். எழுத்தில் ரகரம் வேறு, காதில் ஒன்றுதான். பட்டறைக்காரர் காதில் வேறு பொருளாக விழும் சொல்லை இந்த வேலைக்குப் பெயராக வைக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் 'கம்பி'. மொரப்பூர் தடத்துக்கு மேலே போவது 25,000 வோல்ட் மின்கம்பி. மாதிரியில் அதையும் செய்கிறோம், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழைய கைகாட்டிக்கு, நெம்புகோல்கள் இருந்த கேபின் அறையிலிருந்து தடத்தோரமாக, சின்னச் சின்னக் கப்பிகள் மேல் ஓடியதும் கம்பிதான். நெம்புகோலைச் சாய்த்தால் அந்த இழுகம்பிதான் கையை அசைக்கும். கைகாட்டிக் காலத்து நிலையத்தைச் செய்பவர் அதையும் காட்டியாக வேண்டும். இப்படி இரண்டு கம்பிகள் வெளியே தெரிய, மூன்றாவது மட்டும் தெரியவே கூடாது. அதற்குத்தான் தனிப்பெயர் தேடுகிறோம்.

செய்முறையைச் சொன்னால் என் சொல் எங்கிருந்து வந்தது என்பது புரியும். 87-ல் ஒரு பங்கு அளவில் 6 மீட்டர் மரம் 69 மில்லிமீட்டர்தான். 2 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் எடுத்தால், சாதாரண வயர் ஒன்று நுழைவதே கஷ்டம். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் எனாமல் கம்பியில் (எனாமல் பூச்சுதான் அதற்கு மின்காப்பு உறை) 0.1 மில்லிமீட்டர் கேட்டு வாங்கினேன். தலைமுடி மாதிரி இருக்கும். மூன்று எல்.இ.டி.க்கு நான்கு இழை வேண்டாம், மூன்று போதும். மூன்றுக்கும் பொதுவான முனையைக் குழாயிலேயே பற்றவைத்துவிட்டால் மரமே நான்காவது இழை. குழாயை அறுத்த வாயில் பிசிறு நின்றால் எனாமலைச் சுரண்டிவிடும், ஷார்ட் ஆகும். முதல் மரத்தில் எனக்கு அதுதான் நடந்தது. சிவப்பு மட்டும் எரியவே இல்லை, இரண்டு இரவு தேடினேன். அதன் பிறகு குழாயின் உள்வாயை ஊசி அரத்தால் ராவாமல் இழை கோப்பதில்லை. 12 வோல்ட்டுக்கு ஒவ்வொரு விளக்குக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதையும் பலகைக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

வேலை முடிந்து மரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது அடியில் இழைகள் தொங்குகின்றன. பலகைத் துளைக்குள் அவற்றை இறக்கி, மரத்தை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லித்தூள் தூவி மூடுகிறோம். மண்ணுக்கு மேலே மரம், மண்ணுக்குள்ளே வேர்! கைகாட்டி மரம் என்று பாட்டி விட்டுப்போன சொல்லே இதையும் தந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே என் முன்மொழிவு: மரத்துக்குள் ஓடி அடியில் இறங்கும் இழைக்கு 'வேரிழை', அது இறங்கும் துளைக்கு 'வேர்த்துளை', கழற்றி மாட்டுவதற்காக அடியில் வைக்கும் பிளக்குக்குத் 'தூர்'. கன்றைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடுவதுபோலத் தூரோடு தூக்கி வேறு நிலையத்தில் நட்டுவிடலாம். வீட்டில் உதவிக்கு வரும் தங்கை மகனிடம் "வேரைப் புடிச்சி இழுக்காத, தூரைப் புடி" என்றேன். விளக்கமே கேட்காமல் சரியாகப் பிடித்தான்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் வயரும் ஜல்லிக்கு அடியில் மறைகிறது. அதுவும் வேரா? வேண்டாம் என்றே நினைக்கிறேன், தண்டவாளம் மரம் இல்லையே. அதற்கு 'ஊட்டுக்கம்பி' எனலாம். 1941-ல் மூடிய மொரப்பூர்–தர்மபுரி இரண்டரை அடி அகல ரயில் பாதையை அடுத்ததாக 9 மில்லிமீட்டர் தடத்தில் போடப் போகிறேன். தடம் ஒட்டுவதற்குள் இந்தச் சொல் முடிவானால் அடிப்பலகையில் பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுவேன்.