சந்தேகம்: ஹவாய் செருப்போட கார் ஓட்டினதுக்கு அபராதம். கட்டணுமா, மறுத்து எழுதலாமா?

காரைக்கால் பொண்ணு (சேந்த்-அந்த்ரே):

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனுக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. பெர்மி (ஓட்டுநர் உரிமம்) எடுத்து எட்டு மாசம்தான், வண்டி பின்னாடி புதுசா ஓட்டுறவங்களுக்கான "ஆ" (A) எழுத்து இன்னும் ஒட்டியிருக்கு.

போன ஞாயிறு குடும்பத்தோட மலை மேல இருக்குற சிலாவோஸ் ஊருக்குப் போயிட்டு இறங்கினோம். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, 400 வளைவு. கால்ல ஹவாய் செருப்பு, இங்க எல்லாரும் சொல்ற "சவாத் தே த்வா". தூறல் வேற. ஒரு வளைவுல எதிர்ல பஸ் வந்துச்சு. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோறேன், செருப்போட முன்பக்கம் மடங்கி பெடலுக்கு அடியில சொருகிக்கிச்சு. மிதிச்சா பெடல் பாதிதான் இறங்குது. காலை செருப்புலேர்ந்து உருவி, வெறுங்காலால மிதிச்சேன். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு கை அகலம்தான் இருந்துச்சு. பின்சீட்ல மாமியாரும் குழந்தையும் தூங்கிட்டிருந்தாங்க. வீட்ல இதுவரைக்கும் சொல்லல.

கீழ சேந்த்-லூயி வந்ததும் போலீஸ் சோதனை. காகிதம் பார்த்தவர் என் காலையும் பார்த்தார், அபராதம் எழுதிட்டார். தபால்ல 35 யூரோன்னு வந்திருக்கு. செருப்பு போட்டு ஓட்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கா? தப்பு பண்ணினா பெர்மிலேர்ந்து புள்ளி குறைப்பாங்களே, எனக்கு மொத்தமே 6 புள்ளிதான், அதுல குறைப்பாங்களா? மறுத்து எழுதலாமா?

தெற்குப் பக்கத்துத் தம்பி (சேந்த்-பியேர்):

அக்கா, கட்டாதீங்க. சட்டத்துல செருப்புங்கிற வார்த்தையே கிடையாது. இந்தத் தீவுல பாதிப் பேர் சவாத்தோடதான் ஓட்டுறாங்க, நானும் பத்து வருஷமா ஓட்டுறேன். மறுத்து எழுதுங்க.

ஓட்டுநர் பயிற்சி அண்ணன் (ல போசெசியோன்):

தம்பி சொன்னதுல பாதி சரி. செருப்பு, வெறுங்கால், ஹீல்ஸ் எதையும் பேர் சொல்லித் தடுக்குற விதி பிரெஞ்சு சட்டத்துல இல்ல. ஆனா சாலை விதித் தொகுப்புல ஆர் 412-6னு ஒரு விதி இருக்கு. ஓட்டுறவர் தனக்கு வேண்டிய எல்லா இயக்கத்தையும் சிரமமில்லாம, தாமதமில்லாம செய்யக்கூடிய நிலையில எப்பவும் இருக்கணும்னு அது சொல்லுது. உங்க காலணி அதுக்கு இடைஞ்சலான்னு அந்த இடத்துல காவலர்தான் முடிவு பண்றார். அதனாலதான் ஒருத்தருக்கு எழுதுறாங்க, ஒருத்தரை விட்டுடுறாங்க.

இது இரண்டாம் வகுப்புக் குற்றம். 35 யூரோ. தபால்ல வந்த சீட்டுன்னா 15 நாளுக்குள்ள கட்டினா 22, 45 நாள் தாண்டினா 75. புள்ளி ஒண்ணும் குறையாது, அந்த பயத்தை விடுங்க. (கையில போனை வச்சுக்கிட்டு ஓட்டினா 135 யூரோவும் 3 புள்ளியும். உங்க பெர்மிக்கு அது பாதி.) மறுக்கணும்னா 45 நாளுக்குள்ள ஆந்தாய் (ANTAI, அபராதங்களைக் கவனிக்கிற அரசு அமைப்பு) இணையதளத்துலயே எழுதலாம், ஆனா முதல்ல பணம் கட்டிடக் கூடாது. கட்டினா ஒத்துக்கிட்டதா ஆயிடும்.

ஆனா தங்கச்சி, பெடலுக்கு அடியில செருப்பு சொருகிச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த விதி சொல்றது அதைத்தானே? மறுக்குறது உங்க உரிமை. என்னைக் கேட்டா 22 யூரோ கட்டிடுங்கன்னுதான் சொல்வேன்.

காரணம் செருப்போட அமைப்புலயே இருக்கு. பின்வார் இல்லாததால குதிகால் செருப்போட ஒட்டி நிக்காது. ஒரு பெடல்லேர்ந்து இன்னொண்ணுக்குக் கால் தாவும்போது செருப்பு அரை நொடி பிந்தி வரும், முன்பக்கம் தொங்கும், மடங்கும். நனைஞ்சிருந்தா பாதமே உள்ள வழுக்கும். இன்னைக்கே வீட்டு வாசல்ல, இன்ஜின் நிக்கும்போது, இருபது தடவை காலை மாத்தி மாத்தி வேகமா மிதிச்சுப் பாருங்க. நான் புதுசா வர்றவங்களை முதல் நாளே இப்படிச் செய்யச் சொல்றேன்.

மலையேறப் போடுற தடிச்ச பூட்ஸும் ஆபத்துதான். அடிப்பாகம் அகலம், ஒரே மிதியில பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அமுங்கும், எவ்வளவு அழுத்துறோம்னு பாதத்துக்குத் தெரியாது. மாஃபாத் மலைப்பக்கம் நடந்துட்டு வர்றவங்க அதே பூட்ஸோட சோர்வுல ஓட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்கும். அடி மெல்லிசா, தட்டையா, குதிகாலை மூடின கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வண்டியிலயே வச்சிருங்க. கழட்டின செருப்பை உங்க சீட்டுக்கு அடியில போடாதீங்க, இறக்கத்துல நழுவி பெடலுக்குக் கீழ வந்துடும். பின்னாடி டிக்கியில போடுங்க. பெடலுக்குக் கீழ தரையில விரிச்ச மேட் மேல இன்னொரு மேட் போட்டிருந்தா அதையும் எடுத்துடுங்க.

இன்னொண்ணு, சிலாவோஸ் இறக்கத்துல இரண்டாவது கியர்ல வாங்க. பிரேக்கையே நம்பி இறங்கினா அது சூடேறிப் பிடிமானம் குறையும்.

காவடி வீட்டம்மா (சேந்த்-அந்த்ரே):

எங்க வீட்ல வருஷா வருஷம் காவடி எடுக்குறாங்க. பத்து நாள் விரதம், வெயில்ல தார் ரோட்ல வெறுங்கால் நடை. முடிஞ்சதும் அதே காலோட ஸ்டீயரிங் பிடிச்சு வீட்டுக்கு வர்றது வழக்கம். ஒரு வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பாதமெல்லாம் கொப்புளம். கிளட்ச் மிதிக்கும்போது வலி தாங்காம பாதியில விட்டுட்டார், வண்டி முன்னால துள்ளுச்சு. நல்லவேளை கோயில் வாசல்தான், யாரும் நிக்கல. அதுக்கப்புறம் காவடி எடுத்தவங்க யாரும் அன்னைக்கு ஓட்டக் கூடாதுன்னு வீட்ல முடிவு.

இன்ஷூரன்ஸ் பத்தியும் கொஞ்சம் சொல்லுங்க அண்ணே, செருப்பு போட்டிருந்தா ஒண்ணுமே கிடைக்காதுங்கிறாங்களே?

ஓட்டுநர் பயிற்சி அண்ணன்:

அப்படி இல்லம்மா. எதிர்ல அடிபட்டவங்களுக்கும், உங்க வண்டியில உட்கார்ந்திருந்தவங்களுக்கும் சாலை விபத்து பத்தின 1985 சட்டப்படி இழப்பீடு உண்டு. ஓட்டினவர் காயத்துக்குத்தான் சிக்கல். அவர் தப்பும் சேர்ந்து விபத்து நடந்துச்சுன்னு தெரிஞ்சா, அவருக்கு வர்றது குறையலாம், இல்லாமலும் போகலாம். வண்டிக்கான பணம் உங்க ஒப்பந்தத்தைப் பொறுத்தது, எடுத்துப் படிங்க.

காரைக்கால் பொண்ணு:

22 யூரோ கட்டிட்டேன். அண்ணே, நீங்க சொன்ன மாதிரி வாசல்ல செஞ்சு பார்த்தேன். ஏழாவது தடவையே மடங்குச்சு. அதை அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அப்பதான் அந்த வளைவுல நடந்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. சாயங்காலம் போய் கான்வாஸ் ஷூ வாங்கிட்டு வந்தார், எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு.