மத சுதந்திர வழக்குகள் பக்கம் போக வழி சொல்லுங்கள்

வணக்கம். குழுவில் வக்கீல்கள் இருந்தால் கொஞ்சம் பதில் போடுங்கள். என்ரோல் ஆகி மூன்று வருஷம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு சீனியரிடம் ஜூனியர். வாய்தா வாங்குவது, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, செக் பவுன்ஸ் வழக்குகள், இவ்வளவுதான் வேலை.

ஆசை என்னவோ மத சுதந்திரம் தருகிற அரசியலமைப்பின் 25, 26ஆம் பிரிவுகள் மேல். காலேஜில் 1986 பிஜோ இம்மானுவேல் தீர்ப்பைப் படித்ததில் பிடித்த பைத்தியம். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கையால் பாடவில்லை என்பதற்காகக் கேரளாவில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

சீனியரிடம் சொன்னால் "அதுல சோறு வராது தம்பி" என்கிறார். பொய்யில்லை, பாதிக்கப்பட்டு வருகிறவர்களிடம் ஃபீஸ் கேட்கவே வாய் வராது. ஆனால் கோயில் முதல் மரியாதை, பரம்பரை அறங்காவலர், ஊர்வல அனுமதி, கல்லறை இடம் என்று ரிட் மனுக்கள் இங்கே வந்துகொண்டுதானே இருக்கின்றன? மடத்து நிர்வாகத்தில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்ற 1954 சிரூர் மடம் வழக்கே சென்னை அறநிலைய ஆணையரை எதிர்த்து நடந்ததுதான்.

முதலில் அறநிலையத் துறை, வக்ஃபு வழக்குகள் பார்க்கும் ஆபீசுக்கு மாறிவிடவா? இல்லை, எல்.எல்.எம். முடித்துவிட்டு டெல்லி போகவா? ஏஓஆர் (உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமை பெற்ற வக்கீல், Advocate-on-Record) தேர்வுக்கு நாலு வருஷ பிராக்டீஸ், அப்புறம் ஒரு வருஷம் ஒரு ஏஓஆரிடம் பயிற்சி வேண்டும். அதுவரை டெல்லி வாடகையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று போனவர்கள் யாராவது சொல்லுங்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு ஓடுகிறது.