ட்ராக்கில் 4-வது லேப்பில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிடுச்சு – போலோ ஜிடி டிஎஸ்ஐ, உதவி தேவை

வேளச்சேரி_டிஎஸ்ஐ

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 7 கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்), 68,000 கி.மீ. ஓடியிருக்கு. வாரத்துல 5 நாள் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸ், போற வழியில பொண்ணை ஸ்கூல்ல விடுறது, எல்லாம் இதுலதான். வருஷத்துக்கு மூணு நாலு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கும் இதையே எடுத்துட்டுப் போகணும். ரெண்டாவது வண்டி வாங்க இப்போதைக்கு வழியில்லை.

இதுவரை செஞ்சது: ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி பவர் கூட்டுறது), ஏர் ஃபில்டர், 35 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் (ஷாக் அப்சார்பர் கம்பெனியோடதுதான், மாத்தலை), டயர் 185/60 ஆர்15-லேர்ந்து 195/55 ஆர்15. பிரேக்ல கை வைக்கவே இல்லை.

போன ஞாயிறு முதல் தடவையா ட்ராக். மூணு லேப் அருமையா போச்சு. நாலாவதுல நேர்ப்பாதை முடிவுல பிரேக் அடிச்சா பெடல் பாதிக்கு மேல சும்மா உள்ளே போகுது. ரெண்டு தடவை வேகமா மிதிச்ச அப்புறம்தான் புடிச்சுது. உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. மெதுவா பிட்டுக்கு (ட்ராக் ஓரமா வண்டி நிறுத்துற இடம்) வந்தேன். வலது முன் சக்கரத்துல கருகின வாடை, கிட்ட கை வைக்க முடியலை. ஒரு மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் கொஞ்சம் திரும்புச்சு. ஆனா இன்னைக்கு விஜயநகர் சிக்னல்லகூட பழைய மாதிரி கெட்டியா இல்லை.

காட்டின கராஜ்ல மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்துற உறுப்பு) போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. நண்பன் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வுற கிடுக்கி) போடுன்னு சொல்றான். ரெண்டுக்கும் காசு பெருசா ஆகும். எது உண்மையான கோளாறுன்னு தெரிஞ்சு செலவு பண்ண ஆசைப்படுறேன்.

லேப்_கணக்கு

ப்ரோ, முதல்ல ஒண்ணு. பெடல் சரியாகிற வரைக்கும் பொண்ணை இந்த வண்டியில கூட்டிட்டுப் போகாதீங்க. ஆட்டோ எடுங்க.

ரெண்டாவது, பெடல் மெத்துன்னு உள்ளே போச்சா, இல்லை கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலையா? கெட்டியா இருந்து நிக்கலைன்னா பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்துற கட்டை) சூட்டுல பிடிப்பை விட்டுடுச்சு. மெத்துன்னு போனா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. நீங்க சொல்றதைப் பாத்தா ரெண்டாவது. ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க?

வேளச்சேரி_டிஎஸ்ஐ

மெத்துன்னுதான் ப்ரோ. ஆயில் மாத்தினதா ஞாபகமே இல்லை. டப்பாவுல அளவு குறைஞ்சா டாட் 4 ரக பிரேக் ஆயில் வாங்கி ஊத்திடுவேன். வண்டியை 2020-ல செகண்ட் ஹேண்டா வாங்கினேன்.

கிண்டி_மெக்கானிக்

சார், மாஸ்டர் சிலிண்டருக்கு அவசரப்பட்டுக் காசு குடுக்காதீங்க. வீட்டு வாசல்லயே மூணு டெஸ்ட் பண்ணிடலாம்.

ஒண்ணு, இன்ஜினை ஓடவிட்டு பெடலை நல்லா அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே புடிங்க. கால் அடியில மெதுவா இறங்கிக்கிட்டே போச்சுன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ளே ரப்பர் விட்டுடுச்சு. இறங்காம நின்னு, ஆனா பஞ்சு மாதிரி இருந்தா லைன்ல ஏர் இருக்கு.

ரெண்டு, ஹேண்ட் பிரேக்கை நாலஞ்சு பல்லு இழுத்துட்டு பெடலை அழுத்துங்க. இப்போ மட்டும் பெடல் மேலேயே நின்னா பின்னாடி டிரம்ல ஷூவுக்கு (டிரம்மை உள்ளேயிருந்து உரசுற கட்டை) இடைவெளி அதிகம், அட்ஜஸ்டர் சிக்கியிருக்கு. இந்த வண்டிக்குப் பின்னாடி டிரம் இருக்கிறதை நிறைய பேர் மறந்துடுறாங்க. முன்னாடியே தேடித் தேடி நாளைக் கழிப்பாங்க.

மூணு, முன் சக்கரம் ரெண்டையும் கழட்டி உள் பேட், வெளிப் பேட் நாலையும் அளந்து சொல்லுங்க. கண்ணால பாத்து சொல்லாதீங்க, ஸ்கேல் வச்சு அளங்க.

வலது பக்கம் மட்டும் கருகின வாடை வந்ததுதான் எனக்கு உறுத்துது. வெறும் ஆயில் பழசுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடாகணும்.

ஷோலாவரம்_பழசு

தம்பி, நான் அம்பத்தூர் பக்கம் பிரேக் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதில் ஷோலாவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்தேன். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்த பிறகு அங்கேயும் போய் நின்றிருக்கிறேன். அந்த 3.7 கி.மீ. சுற்றில் 12 வளைவுகள். ரோட்டுக்கு ஏற்றபடி மட்டும் பிரேக் வைத்திருப்பவர் அங்கே முதலில் இழப்பது பெடலைத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். உங்களோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்குக் குறைக்கும்போது பிரேக் வாங்குகிற ஆற்றல் சுமார் 8 லட்சம் ஜூல். ரோட்டில் 60-லிருந்து முழுதாக நிறுத்தினால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. அங்கே ஒரு தடவை மிதிப்பது இங்கே 5 தடவை நிறுத்துவதற்குச் சமம். இங்கே ஒரு சிக்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே டிஸ்க் ஆறிவிடும். அங்கே ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இனி ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155. டாட் 3-க்கு 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. நம் ஊர்க் காற்றின் ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது ஐந்து வருடம் மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். அது காலிப்பருக்குள் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் அமுக்கியது அந்த ஆவியைத்தான்.

இன்னொன்று. அளவு குறைந்தால் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். டப்பாவில் அளவு குறைவது பேட் தேய்ந்த செய்தி. மேலே ஊற்றி அந்தச் செய்தியை மூடிவிட்டீர்கள்.

டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். 5.1 வேறு, 5 வேறு.

அபார்த்_145

பெரிய பிரேக் கிட் போடுறதுல என்ன தப்பு சார்? என் ஃபியட் அபார்த் புன்ட்டோவுக்கு அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். 145 குதிரைத்திறனுக்கு ஏத்த பிரேக் வேணுமே.

ஷோலாவரம்_பழசு

தப்பில்லை, வரிசைதான் முக்கியம். பெரிய காலிப்பருக்குள் பழைய ஆயிலை ஊற்றினால் அதுவும் கொதிக்கும், இரண்டு லேப் தள்ளிக் கொதிக்கும். அதோடு முன்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டி, பின்னால் டிரம்மை அப்படியே விட்டால் முன்-பின் விகிதம் மாறும். முன் டயர் சீக்கிரம் பூட்டும், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் முந்திக்கொண்டு வேலை செய்யும், நிற்கும் தூரம் குறையாமல் போகலாம். நிற்க வைப்பது கடைசியில் டயர்தான். நாலு பிஸ்டன் காலிப்பர் 15 அங்குல வீலுக்குள் அடங்குமா என்பது தனிக் கேள்வி. நல்ல ஆயில், நல்ல பேட், நல்ல டயர், மூன்றும் போட்டு அப்புறமும் சூடு தாங்கவில்லை என்றால் கிட்டைப் பற்றிப் பேசலாம்.

வேளச்சேரி_டிஎஸ்ஐ

டெஸ்ட் பண்ணிட்டேன். பெடல் ஒரு நிமிஷம் இறங்காம நின்னுது. ஹேண்ட் பிரேக் போட்டா வித்தியாசம் பெருசா இல்லை. ஆயில் கட்டங்காப்பி நிறத்துல இருக்கு.

பேட்: இடது முன் உள்ளே 6 மி.மீ., வெளியே 6. வலது முன் உள்ளே 2 மி.மீ.தான், வெளியே 6! பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு.

கிண்டி_மெக்கானிக்

அதான் சார். வலது காலிப்பர் ஸ்லைடு பின் சிக்கியிருக்கு. ஒரே பக்கம் பிஸ்டன் இருக்கிற காலிப்பர் அந்த ரெண்டு பின் மேல வழுக்கி நகர்ந்தாத்தான் வெளிப் பேடும் அழுத்தும். நகரலைன்னா உள் பேட் மட்டும் எல்லா வேலையும் செய்யும். காலை எடுத்தாலும் முழுசா விடாது, உரசிக்கிட்டே இருக்கும். அந்த மூலைதான் முதல்ல கொதிச்சிருக்கு.

மழைக்காலத்துல தண்ணியில ஓட்டினீங்களா?

வேளச்சேரி_டிஎஸ்ஐ

ஆமா. போன டிசம்பர்ல எங்க தெருவுல அரை சக்கரத்துக்குத் தண்ணி. ரெண்டு நாள் அதுலேயே நின்னுச்சு. அப்புறம் வாட்டர் வாஷ் மட்டும்தான் பண்ணேன்.

கிண்டி_மெக்கானிக்

ரப்பர் பூட் கிழிஞ்சு சேத்துத் தண்ணி உள்ளே போயிருக்கும், கிரீஸ் போய் துரு ஏறியிருக்கும். நாலு பின்னையும் கழட்டி, துருவை எடுத்து, பூட் புதுசு போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்க. சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும். பின்ல குழி விழுந்திருந்தா பின்னே புதுசு. டிஸ்க்கோட தடிமனையும் அளக்கச் சொல்லுங்க. குறைஞ்சபட்ச அளவு டிஸ்க் மேலேயே பொறிச்சிருக்கும்.

ஆயில் மாத்தும்போது ஒரு விஷயம். பழைய வண்டியில பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சு ஏர் எடுக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் எப்பவும் போகாத இடத்துல துரு இருக்கும், அங்க போய் கிழிஞ்சுடும். அப்புறம் நிஜமாவே மாஸ்டர் சிலிண்டர் மாத்தணும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைங்க, இல்லைன்னா பிரஷர் பிளீடர் (பெடலை மிதிக்காம அழுத்தத்துல ஆயிலைத் தள்ளுற கருவி) இருக்கிற இடத்துக்குப் போங்க. எந்தச் சக்கரத்துல ஆரம்பிக்கணும்னு சர்வீஸ் புக் வரிசைப்படி. டப்பா நடுவுல காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள ஏர் போச்சுன்னா ஸ்கேனர் வச்சுத்தான் எடுக்க முடியும்.

லேப்_கணக்கு

பேட் பத்தி. முழு ரேஸ் பேட் வாங்கிடாதீங்க ப்ரோ. அது சூடானாத்தான் கடிக்கும். காலையில ஸ்கூல் வாசல்ல ஒரு குழந்தை குறுக்கே வந்தா அந்த முதல் மிதியிலேயே நிக்கணும். ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவுல இருக்கிற ரகம் கிடைக்குது, அதைப் போடுங்க. கொஞ்சம் கத்தும், அலாய் வீல் கறுப்பாகும், பரவாயில்லை.

புது பேடை டிஸ்க்கோட பதிய வைக்கிறதை வண்டலூர்-மீஞ்சூர் ரிங் ரோட்டுல செய்யாதீங்க. பின்னாடி லாரி வரும். ட்ராக்ல முதல் செஷன்லயே, முழுசா நிறுத்தாம, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தைக் கூட்டி எட்டு பத்து தடவை வேகத்தைக் குறைச்சு, அப்புறம் ஆறவிடுங்க.

சூடா உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க. கியரை பி-யில (பார்க்) வச்சு சக்கரத்துக்குக் கட்டை போடுங்க.

அபார்த்_145

ரீமேப் இருக்கிறதையும் கவனிங்க. அந்த 7 கியர் பாக்ஸ் உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றுற விசை) வரைக்கும்தான் அதோட அளவு. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் சூடாகும், ஞாயிறு ட்ராக்ல இன்னும் சூடு. அடுத்த ஸ்டேஜுக்கு இப்போ போகாதீங்க. இன்சூரன்ஸ் பாலிசியையும் படிங்க. பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் கார் பாலிசி பொதுவா பணம் தராது.

ஷோலாவரம்_பழசு

அந்த ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. 35 மி.மீ. இறக்கினால் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் வெளிமுனை உள்முனையைவிட மேலே ஏறிவிடும். அப்போது வண்டியின் உருளும் மையம் (வளைவில் உடல் சாயும்போது அது சுழலும் புள்ளி), எடையின் மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கும். தாழ்ந்த வண்டி வளைவில் சாய்வதற்கு இன்னும் அதிக நெம்பு கிடைக்கும். ஷாக் அப்சார்பர் 68,000 கி.மீ. ஓடியது, அதுவும் இந்த ஸ்பிரிங்குக்காகச் செய்ததல்ல. நம் ஸ்பீடு பிரேக்கர்களில் தினமும் ரப்பர் முட்டில் இடித்துக்கொண்டிருக்கும். பழைய ஸ்பிரிங் வீட்டில் இருந்தால் அதையே திரும்பப் போட்டு, புது ஷாக் வாங்குங்கள். குழந்தையும் வசதியாக உட்காரும், லேப் நேரமும் கெடாது.

வேளச்சேரி_டிஎஸ்ஐ

ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன். வலது பக்கம் ஒரு பின் பிளையர்ல இழுத்தும் வரலை, சூடு காட்டித்தான் எடுத்தாங்க. பின், பூட் புதுசு. 300 டிகிரிக்கு மேல கொதிக்கிற டாட் 4 ரேஸ் ஆயில், வருஷா வருஷம் மாத்துறதா முடிவு. நடுத்தர ரகப் பேட். பழைய ஸ்பிரிங், புது ஷாக். மாஸ்டர் சிலிண்டர் அதேதான்.

நேத்து ட்ராக். அஞ்சு லேப், ஒரு ஆறவிடுற லேப், அப்படி மூணு செஷன். கடைசி வரைக்கும் பெடல் ஒரே இடத்துல நின்னுது. ரெண்டு முன் சக்கரத்துலயும் ஒரே அளவு கறுப்புத் தூள். அதைப் பாத்ததுல எவ்வளவு நிம்மதின்னு சொல்லத் தெரியலை. எல்லாருக்கும் நன்றி.

ஒரே ஒரு சந்தேகம் சார். முன் டயர் ரெண்டுலயும் வெளி ஓரம் தேயுது. காத்து காலையில 33 பிஎஸ்ஐ வச்சேன், உள்ளே வந்து பாத்தா 39.

ஷோலாவரம்_பழசு

சூட்டில் அவ்வளவு ஏறுவது இயல்புதான் தம்பி. அடுத்த தடவை 30-இல் தொடங்குங்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று ஒவ்வொரு செஷனுக்கும் பாருங்கள். பக்கச்சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு, ஓரத்தைத் தொடவே இல்லையென்றால் அதிகம். காற்று சரியாக இருந்தும் ஓரம் தேய்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) போல்ட் போட்டு முன் சக்கரத்தை மேல்பக்கம் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி உள்ளே சாய்க்கலாம். டோவை (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) நேராக வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓஎம்ஆரிலேயே உள் ஓரம் போய்விடும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறியதும் மறுபடி 33 அடித்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி_டிஎஸ்ஐ

சரிங்க சார். சனிக்கிழமை அலைன்மென்ட்டுக்கு நேரம் வாங்கியாச்சு. இன்னைக்குக் காலையில பொண்ணு முன்னாடி மாதிரி ஸ்கூலுக்கு நம்ம வண்டியிலதான் வந்தா. முதல் ரெண்டு சிக்னல்ல பேட் லேசா கத்துச்சு, அப்புறம் அடங்கிடுச்சு.

கிண்டி_மெக்கானிக்

அது இருக்கும் சார். பேட் முதுகுல இருக்கிற தகட்டுல கொஞ்சம் பிரேக் பேஸ்ட் தடவினா குறையும். அலைன்மென்ட்டுக்குப் போகும்போது வீல் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வச்சு 120 நியூட்டன் மீட்டர்ல செக் பண்ணச் சொல்லுங்க.