கிராம சபைத் தீர்மானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கேள்வி: கடைமடை வாசகி, திருவாரூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் உள்ளது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டாலும், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் கடைசி இரண்டு கிலோமீட்டர் வாய்க்காலின் நிலையைப் பொறுத்தே அமைகிறது. அந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று கிராம சபையில் இருமுறை தீர்மானம் நிறைவேற்றினோம். முதல் முறை ஊராட்சித் தலைவர் இருந்தார். இரண்டாம் முறை, 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்பில் சபை கூடியது. இரண்டு முறையும் கையெழுத்திட்டோம், தேநீர் குடித்தோம், கலைந்தோம். ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு வரி வரவில்லை. மக்கள் பங்கேற்பு என்று அரசு சொல்வது இதைத்தானா? தீர்மானத்துக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கு உண்டு?

பதில் 1: ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கும்பகோணம்

அம்மா, கிராம சபை அரசின் தயவில் கூடும் கூட்டம் அன்று. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு அடிப்படை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். முன்பு ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூடிய சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறு முறை கூட வேண்டும் என்று ஆக்கப்பட்டது.

ஆனால் நான் பணியில் இருந்தபோது கண்ட தீர்மானங்களில் பெரும்பாலானவை "வாய்க்காலைத் தூர்வார அரசைக் கேட்டுக்கொள்வது" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். அரசு என்றால் எந்த அலுவலகம்? டெல்டாவில் ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத்துறையின் பொறுப்பு. அவற்றிலிருந்து கிளைக்கும் சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்களைத் தூர்வாரும் பணியை வேளாண் பொறியியல் துறை செய்து வருகிறது. உங்கள் வாய்க்கால் எந்தப் பிரிவு என்று எழுதாத தீர்மானம், இரண்டு துறைகளின் மேசையிலும் "எமக்குரியதன்று" என்ற குறிப்போடு கிடக்கும். அடுத்த முறை வாய்க்காலின் பெயர், தலைப்பு மதகு, மண்மேடிட்ட நீளம், பாயும் பரப்பு ஆகியவற்றைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

பதில் பெறுவதற்கும் வழி உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்தால், 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும்.

பதில் 2: வடவாற்றங்கரை விவசாயி

ஐயா கூறிய நடைமுறை சரியே. எனினும் மனு எழுதத் தெரிந்த ஒருவர் கிடைக்காத ஊர் என்ன செய்யும் என்பதே என் கவலை. எங்கள் ஊரில் தூர்வாரும் பணிக்காக ஒரு பாசனதாரர் கூட்டம் நடந்தது. மேல்மடைக்காரர்கள் முன்வரிசையில் அமர்ந்து, எங்கு மண் எடுப்பது என்று பத்து நிமிடங்களில் முடிவு செய்துவிட்டார்கள். வேலியோரம் நின்றிருந்த நடவுப் பெண்களுக்குத்தான் தண்ணீர் எந்த வளைவில் தேங்கி நிற்கிறது என்பது தெரியும். ஆண்டுதோறும் அந்தச் சேற்றில் முழங்கால் புதைய நிற்பவர்கள் அவர்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. பொக்லைன் வந்து, ஏற்கெனவே நன்றாக இருந்த பகுதியை மேலும் ஆழமாக்கிவிட்டுப் போனது.

மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் குடவோலையைப் புகழ்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டே, பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட இறைநிலம், அதாவது வரி கட்டும் நிலம், உடையவரைத்தான் ஓலையில் பெயர் எழுதத் தகுதியுள்ளவராகக் கொள்கிறது என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. இன்றைய கிராம சபையில் நிலமற்றவருக்கும் இடமுண்டு என்பது அதைவிடப் பெரிய சாதனை. ஆனால் இடம் இருந்தால் போதுமா? யார் முதலில் பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் தலைவர் கடைசியில் நிற்பவரை அழைக்காவிட்டால், அந்த இடம் வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடும்.

பதில் 3: பொது நிர்வாகம் பயிலும் மாணவன், மயிலாடுதுறை

உரையாடல் என்பதற்கு நம் காவிரி ஆற்றிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2003ஆம் ஆண்டு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்முயற்சியில், கர்நாடக, தமிழக விவசாயிகள் ஒன்றாக அமர்ந்து பேசத் தொடங்கினார்கள். "காவிரிக் குடும்பம்" என்று அதற்குப் பெயர். ஒருவர் வயலை மற்றவர் நேரில் சென்று பார்த்தார்கள். அரசுகளின் அதிகாரப்பூர்வ ஏற்பு அதற்குக் கிடைக்காததால், இரு மாநில நீர்ப் பங்கீடு 2007ஆம் ஆண்டின் நடுவர் மன்றத் தீர்ப்பாலும் 2018ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாலுமே முடிவாயிற்று. அதனால் அதை வீண் முயற்சி என்று நான் கருதவில்லை. எதிர்த் தரப்பின் வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் பேசுபவரின் பேச்சு வேறாக இருக்கும். உங்கள் ஊர் மேல்மடைக்காரர்களைக் கோடையில் ஒருநாள் உங்கள் கடைமடைக்கு அழைத்து வர முடியுமா என்று பாருங்கள் அக்கா. சட்டம் அதைத் தடுக்கவும் இல்லை, செய்து தரப்போவதும் இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை நானும் நடவுக்குச் செல்லும் நான்கு அக்காமார்களும் நாடாவுடன் வாய்க்கால் நெடுகிலும் நடந்தோம். மண்மேடிட்டிருப்பது இரண்டு கிலோமீட்டர் அன்று; நானூறு மீட்டர் மட்டுமே, அதுவும் ஒரு சிறு பாலத்துக்குக் கீழே. இத்தனை நாள் தவறான அளவைத் தீர்மானத்தில் எழுதி வந்திருக்கிறோம் என்பது வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வாய்க்கால் எந்தப் பிரிவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இன்னும் கேட்கவில்லை, திங்கட்கிழமை செல்கிறேன். பாலம் ஊராட்சியுடையது, வாய்க்கால் துறையுடையது என்றால் தீர்மானத்தை யாருக்கு அனுப்புவது, ஐயா?