இலவச இணையப் பாடங்கள் வந்த பிறகும் உயர்கல்வியில் ஏற்றத்தாழ்வு ஏன் குறையவில்லை?

கேள்வி – வினவுவோன்
2001இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாக வெளியிடுவதாக அறிவித்தபோதும், 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தபோதும், உயர்கல்விக்குப் பணம் இனி ஒரு தடையாக இராது என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஏன் பலிக்கவில்லை? கணினியும் இணைய இணைப்பும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் போதுமா?

மறுமொழி – கரும்பலகை
போதாது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவசப் பாடங்களில் சேர்ந்த அமெரிக்கர்களைப் பற்றி 2015இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வசதியான பகுதிகளில் வாழ்பவர்களே அதிகமாகச் சேர்ந்திருந்தார்கள். பதின்வயதினரில், பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகளுக்கே சான்றிதழ் பெறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இவர்கள் அனைவரிடமும் இணைப்பு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதைவிடத் தெளிவான சான்று, 2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், இணையப் பாட நிறுவனமான யுடாசிட்டியுடன் நடத்திய சோதனை. அடிப்படைக் கணிதத்தில் பின்தங்கியவர்களையும் சேர்த்துக்கொண்ட முதல் பருவத்தில் தேர்ச்சி மிகக் குறைவாக இருந்ததால், அந்த ஏற்பாட்டை இலையுதிர்காலப் பருவத்துக்கு இடைநிறுத்தினார்கள். அதற்குள் தொடங்கிவிட்டிருந்த அதே ஆண்டுக் கோடைப் பருவத்தில் தேர்ச்சி உயர்ந்தது. ஆனால் அப்போது படித்தவர்களில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் பலர். தானாகப் படிக்கும் பழக்கம் உள்ளவருக்குக் காணொளி போதும். அந்தப் பழக்கத்தையே இனிமேல்தான் கற்க வேண்டியவருக்கு அருகில் ஓர் ஆள் வேண்டும்.

மறுமொழி – இரவுப்பணி
ஐயா சொல்வது சரி என்றாலும், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவு வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் முதுகலை முடித்தவள் நான். நிறுத்தி, மறுபடி கேட்கக்கூடிய விரிவுரைகள் இல்லையென்றால் எனக்குப் பட்டமே இல்லை. என்னைத் தடுமாற வைத்தது தேர்வுதான். கேமரா முன் தனியறையில் எழுத வேண்டும் என்றார்கள். நாங்கள் நால்வர் வாழ்ந்ததே ஓர் அறையில். பின்னால் ஒருவர் நடந்ததற்காக என் தேர்வு பாதியில் முடக்கப்பட்டது. தனியறை வைத்திருப்பவர்கள் எழுதிய விதி அது.

மறுமொழி – வினவுவோன்
அப்படியானால் தொலைவிலிருந்து கற்பிப்பதே வீண் என்று கொள்ளலாமா?

மறுமொழி – கரும்பலகை
அப்படியில்லை. 1971இல் கற்பிக்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி எதுவும் கேட்காமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. தொலைக்காட்சியும் வானொலியும் பாடத்தைக் கொண்டுசேர்த்தன. ஆனால் ஒவ்வொருவரின் ஒப்படைப்பையும் படித்துத் திருத்தி, குறிப்பு எழுதி அனுப்ப ஓர் ஆசிரியர் இருந்தார். ஒலிபரப்பைக் கேட்பவர் ஆயிரமாகப் பெருகினாலும் அதன் செலவு கூடுவதில்லை; திருத்தும் ஆசிரியருக்கான செலவோ மாணவர் தொகையோடு சேர்ந்து ஏறும். இலவசப் பாடங்கள் முதலில் கைவிட்டது இந்த இரண்டாவது செலவைத்தான்.